வீடியோ எடிட்டிங்கில் பொருள்களைச் சுழல வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு லோகோவையோ சக்கரத்தையோ சுழல வைக்க இரண்டு கீஃப்ரேம் (இந்த நேரத்தில் இந்த எண் என்று டைம்லைனில் குறிக்கும் புள்ளி) போதும். முதலாவதில் 0, இரண்டாவதில் 360. அரை நிமிட வேலை. ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் பொருள் தள்ளாடுகிறது, ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசாகத் திக்குகிறது, நிற்கும்போது சட்டென்று நிற்கிறது. பார்ப்பவருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் பொய் என்பது மட்டும் தெரிந்துவிடும்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளைத் தவறவிடுவதால் வருபவை. எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது? ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்துக்கு, எத்தனை டிகிரி நகர்கிறது? இரண்டுக்கும் பதிலை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அப்புறம் மென்பொருளைத் திறங்கள். நீங்கள் பயன்படுத்துவது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ், கேப்கட் எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றேதான். பட்டன்கள் மட்டும் இடம் மாறும்.

படி 1: சுழலப்போகும் பொருளைத் தனியாகப் பிரியுங்கள்

பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாகப் பொருளை வெட்டி எடுங்கள். காரின் சக்கரம் என்றால் சக்கரம் ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தனி அடுக்கு), கார் இன்னொரு லேயர். சக்கரம் இருந்த இடத்தில் காரின் படத்தில் உண்டாகும் ஓட்டையை அடர்ந்த நிறத்தால் நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் சுழலும்போது ஓரங்களில் பின்னால் இருப்பது எட்டிப் பார்க்கும்.

படத்தின் விளிம்போடு ஒட்டி வெட்டாதீர்கள். நாலு பக்கமும் சில பிக்சல் காலி இடம் விட்டால் சுழலும்போது ஓரம் மழுமழுவென்று இருக்கும். ஒட்டி வெட்டினால் பல மென்பொருள்களில் விளிம்பு படிக்கட்டாகத் தெரியும்.

படி 2: அச்சைச் சரியான இடத்தில் வையுங்கள்

ஒவ்வொரு லேயருக்கும் ஆங்கர் பாயின்ட் என்று ஒரு புள்ளி உண்டு. சுழற்சி அதைச் சுற்றித்தான் நடக்கும். இயல்பாக அது படத்தின் சட்டத்துக்கு நடுவில் இருக்கும், பொருளுக்கு நடுவில் அல்ல. இந்த வித்தியாசம்தான் தள்ளாட்டத்துக்குக் காரணம். வெட்டும்போது இடதுபக்கம் 40 பிக்சல், வலதுபக்கம் 30 பிக்சல் காலி இடம் விட்டிருந்தால் மையம் 5 பிக்சல் தப்பிவிட்டது என்று அர்த்தம். அசையாமல் இருக்கும்போது கண்ணுக்கே தெரியாத அந்த 5 பிக்சல், சுழலும்போது நன்றாகத் தெரியும்.

மையம் சரியா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. சுழற்சியை 180 என்று வையுங்கள். 0 டிகிரியில் பொருள் இருந்த இடத்தோடு ஒப்பிடுங்கள். அசையவில்லை என்றால் மையம் சரி. 180 டிகிரியில் 10 பிக்சல் இடதுபக்கம் போய்விட்டது என்றால், உண்மையான மையம் இப்போதைய அச்சுக்கு 5 பிக்சல் வலதில் இருக்கிறது. எந்தப் பக்கம் நகர்ந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம், நகர்ந்ததில் பாதி. மேல் கீழுக்கும் இதே கணக்கு. ஒருமுறை செய்தால் போதும், கண்மதிப்பில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒய் கீயைத் தட்டினால் அச்சை மட்டும் இழுக்கும் கருவி வரும். படம் அங்கேயே இருக்கும், அச்சு மட்டும் நகரும். பிரீமியரில் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ் பேனலில் ஆங்கர் பாயின்ட் எண்ணை மாற்றினால் படமே நகர்ந்துவிடும். பயப்பட வேண்டாம், பொசிஷன் எண்ணை மாற்றிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ரிசால்வில் இன்ஸ்பெக்டருக்குள் ஆங்கர் பாயின்ட் எக்ஸ், ஒய் என்று இருக்கும், இரண்டும் 0 என்றால் நடுமையம்.

எல்லாப் பொருளும் நடுவில் சுழலாது. கடிகார முள் அடிப்பகுதியில் சுழலும், கதவு கீல் இருக்கும் ஓரத்தில், ஊசல் மேல் நுனியில். அச்சை மாற்றவே விடாத செயலியில் மாட்டிக்கொண்டால் படத்தையே மாற்றுங்கள். முள்ளின் நீளம் 400 பிக்சல் என்றால் 800 பிக்சல் உயரத்தில் ஒரு காலிச் சட்டம் எடுத்து, முள்ளை அதன் மேல்பாதியில் வைத்து, முள்ளின் அடி சட்டத்தின் நட்டநடுவில் படும்படி சேமியுங்கள். செயலி சட்டத்தின் நடுவைச் சுற்றிச் சுழற்றும், முள் தானாகத் தன் அடியைச் சுற்றும். கைபேசிச் செயலிகளில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு உத்தியே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

படி 3: வேகத்தைக் கணக்குப் போடுங்கள்

'கொஞ்சம் வேகமாக' என்பது கணக்காகாது. உண்மையான பொருளுக்கு உண்மையான வேகம் உண்டு, அதைத் தேடி எடுங்கள். நிமிடச் சுற்று எண்ணிக்கையை 6 ஆல் பெருக்கினால் ஒரு விநாடிக்கு எத்தனை டிகிரி என்பது வந்துவிடும். அதை ஃப்ரேம் ரேட்டால் (ஒரு விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்) வகுத்தால் ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை டிகிரி என்பது கிடைக்கும்.

நீண்ட நேர இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும். 6 ஆல் பெருக்கினால் விநாடிக்குச் சரியாக 200 டிகிரி. 25 ஃப்ரேம் வீடியோவில் ஃப்ரேமுக்கு 8 டிகிரி. ஒரு முழுச்சுற்றுக்கு 1.8 விநாடி, அதாவது 45 ஃப்ரேம். 45 சுற்று இசைத்தட்டு என்றால் விநாடிக்கு 270 டிகிரி. இந்த எண்களோடு செய்த இசைத்தட்டு பார்த்த மாத்திரத்தில் நிஜமாகத் தெரியும். இசைத்தட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வேகம் பிடிபட்டிருக்கிறது.

கடிகாரம் இன்னும் எளிது. விநாடி முள் விநாடிக்கு 6 டிகிரி, நிமிட முள் நிமிடத்துக்கு 6 டிகிரி, மணி முள் நிமிடத்துக்கு அரை டிகிரி. மூன்றையும் ஒரே ஆரம்பப் புள்ளியில் 12ஐப் பார்க்க வைத்துவிட்டு, தேவையான நேரத்தை இந்த எண்களால் கணக்கிட்டு வையுங்கள். பத்தரை மணிக்கு மணி முள் 315 டிகிரியில் நிற்க வேண்டும். 300 இல் நிற்க வைத்தால் அது பழுதான கடிகாரம்.

படி 4: கீஃப்ரேம் போடுங்கள்

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயரைத் தேர்ந்தெடுத்து ஆர் கீயைத் தட்டினால் ரொட்டேஷன் மட்டும் திறக்கும். பக்கத்தில் இருக்கும் கடிகாரக் குறியை அழுத்தினால் முதல் கீஃப்ரேம் விழும். பிரீமியரில் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ், அதற்குள் மோஷன், அதற்குள் ரொட்டேஷன், அங்கேயும் அதே கடிகாரக் குறிதான். ரிசால்வில் இன்ஸ்பெக்டரில் ரொட்டேஷன் ஆங்கிள் எண்ணுக்கு அருகில் உள்ள வைரக் குறி. கேப்கட்டிலும் வைரக் குறிதான்.

முதல் கீஃப்ரேமில் 0 வையுங்கள். டைம்லைனில் தேவையான இடத்துக்குப் போய் இரண்டாவது எண்ணைக் கொடுங்கள். மூன்று சுற்று என்றால் 1080. பிரீமியரும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் இதை மூன்று சுற்று, 0 டிகிரி என்று பிரித்துக் காட்டும். குழம்ப வேண்டாம், எண் அதேதான்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, 350 டிகிரியில் இருக்கும் பொருளை 10 டிகிரிக்குக் கொண்டுபோக 10 என்று தட்டினால் அது 340 டிகிரி பின்னோக்கிச் சுற்றும். மென்பொருளுக்கு எண் மட்டும்தான் தெரியும், குறுக்குவழி தெரியாது. 370 என்று தட்டுங்கள். இரண்டு, திசை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் பிரீமியரிலும் கூட்டல் எண் கடிகார திசையில் சுழற்றும். ரிசால்வின் ஃப்யூஷன் பக்கத்தில் அதே கூட்டல் எண் எதிர்த்திசையில் சுழற்றும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எண்களை எடுத்துப் போகும்போது இதைச் சரிபாருங்கள்.

முடிவில்லாமல் ஒரே வேகத்தில் சுழல வேண்டிய பொருளுக்குக் கீஃப்ரேமே வேண்டாம், எக்ஸ்பிரஷன் (எண்ணைத் தானே கணக்கிட்டுத் தரும் சின்ன வாய்பாடு) போதும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு கடிகாரக் குறியைக் கிளிக் செய்து, டைம் என்ற ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தில் தட்டி, நட்சத்திரக் குறி போட்டு 200 என்று எழுதினால் இசைத்தட்டு தயார். ஃப்யூஷனிலும் டைம் உண்டு, ஆனால் அங்கே அது விநாடி அல்ல, ஃப்ரேம் எண். அங்கே 25 ஃப்ரேம் வீடியோவுக்கு 8 ஆல் பெருக்க வேண்டும். கடிகார திசையில் சுழல வேண்டும் என்றால் 8க்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள். 200 போட்டால் தட்டு பைத்தியமாகச் சுற்றும்.

படி 5: திக்காத லூப்

30 ஃப்ரேம் வீடியோவில் இரண்டு விநாடி லூப் (முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும் கிளிப்) என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 ஃப்ரேம், 0 முதல் 59 வரை. கடைசி ஃப்ரேமான 59 இல் 360 வைத்தால் என்ன ஆகும்? 360 டிகிரியும் 0 டிகிரியும் ஒரே தோற்றம். 59 ஆவது ஃப்ரேமும் அடுத்து வரும் 0 ஆவது ஃப்ரேமும் ஒன்றாகவே இருக்கும், அந்த ஒரு ஃப்ரேம் நேரம் பொருள் நின்றுவிடும். அதுதான் திக்கல்.

அதனால் 360 டிகிரி கீஃப்ரேமை 60 ஆவது ஃப்ரேமில், அதாவது கிளிப்புக்கு ஒரு ஃப்ரேம் வெளியே வையுங்கள். ஃப்ரேமுக்கு 6 டிகிரி வீதம் 59 இல் 354 டிகிரி இருக்கும், அடுத்த அடி 360, அதாவது 0. ஓட்டம் அறுபடாது. கிளிப்புக்கு வெளியே கீஃப்ரேம் போட முடியாத செயலியில் ஒரு ஃப்ரேம் கூடுதலாக வைத்து, கீஃப்ரேம் போட்டு ஏற்றுமதி செய்துவிட்டு, அப்புறம் அந்த ஃப்ரேமை வெட்டிவிடுங்கள்.

நான்கு ஆரங்களும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் சக்கரத்துக்கு முழுச்சுற்றே தேவையில்லை. 90 டிகிரி சுழன்றாலே பழைய தோற்றம் வந்துவிடும். லூப்பின் நீளம் கால்வாசியாகக் குறையும், கோப்பும் சிறிதாகும்.

படி 6: கிளம்புவதும் நிற்பதும்

நிலையான சுழற்சிக்கு லீனியர் (ஒரே வேகத்தில் ஓடும்) கீஃப்ரேம்தான் சரி. ஓய்விலிருந்து கிளம்பி வேகம் பிடித்து, ஓடி, மெல்ல நிற்கும் பொருளுக்குத்தான் ஈஸிங், அதாவது வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைப்பது, தேவை. இங்கே பலரும் எல்லாக் கீஃப்ரேமையும் தேர்ந்தெடுத்து எஃப்9 ஐத் தட்டி ஈஸி ஈஸ் போட்டுவிடுகிறார்கள். விளைவு, நடுவில் உள்ள ஒவ்வொரு கீஃப்ரேமிலும் பொருள் ஒரு கணம் நின்று மறுபடி கிளம்பும். ஈஸி ஈஸ் என்றாலே அந்தப் புள்ளியில் வேகம் பூஜ்யம் என்று பொருள்.

சரியான வழிக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். சீராக வேகம் கூடும் பொருள், தன் முழு வேகத்தை எட்டும் வரை கடக்கும் கோணம், அதே நேரம் முழு வேகத்தில் ஓடியிருந்தால் கடந்திருக்கும் கோணத்தில் பாதி. ஒரு காற்றாடி விநாடிக்கு 360 டிகிரி வேகத்தை 2 விநாடியில் எட்டி, 3 விநாடி ஓடி, 3 விநாடியில் நிற்க வேண்டும் என்போம்.

வேகம் பிடிக்கும் 2 விநாடியில் 720 இல் பாதி, 360 டிகிரி. ஓடும் 3 விநாடியில் 1080. நிற்கும் 3 விநாடியில் 1080 இல் பாதி, 540. ஆகவே கீஃப்ரேம்கள்: 0 விநாடியில் 0, 2 ஆவது விநாடியில் 360, 5 இல் 1440, 8 இல் 1980.

இப்போது முதல் கீஃப்ரேமுக்கும் கடைசிக் கீஃப்ரேமுக்கும் மட்டும் ஈஸ் கொடுங்கள். நடுவில் உள்ள இரண்டிலும் வேகம் விநாடிக்கு 360 ஆக இருக்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கீஃப்ரேமை வலது கிளிக் செய்து கீஃப்ரேம் வெலாசிட்டியைத் திறந்தால் இதை எண்ணாகவே கொடுக்கலாம். எல்லா இடத்திலும் இன்ஃப்ளுயன்ஸ் 33.33 சதவீதம், வேகம் முனைகளில் 0, நடுவில் 360. கிராஃபில் பார்த்தால் வளைந்து எழும் கோடு எந்த முறிவும் இல்லாமல் நேர்கோட்டில் சேரும், அந்த நேர்கோடு கடைசியில் அதே மாதிரி வளைந்து படுக்கும். எண் கொடுக்க வழி இல்லாத மென்பொருளில் கிராஃபைத் திறந்து, கைப்பிடியை இழுத்து, நடுக் கீஃப்ரேமின் இருபக்கமும் ஒரே சாய்வு வரும்படி வையுங்கள்.

மீட்டர் முள் நிற்கும் விதம் வேறு. அது இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து அமரும். 120 இல் நிற்க வேண்டிய முள்ளுக்கு 0 ஆவது ஃப்ரேமில் 0, 10 இல் 128, 16 இல் 117, 21 இல் 121, 25 இல் 120 என்று வைத்து, எல்லாவற்றுக்கும் ஈஸி ஈஸ் கொடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முள் உண்மையிலேயே ஒரு கணம் நிற்கிறது என்பதால் இங்கே அது பொருந்தும்.

படி 7: மோஷன் பிளர், பின்னோக்கிச் சுழலும் மாயம்

மூன்று இறக்கை விசிறி 120 டிகிரி திரும்பினால் பழைய மாதிரியே தெரியும். ஆகவே ஒரு ஃப்ரேமுக்குச் சரியாக 120 டிகிரி சுழன்றால் விசிறி நின்றுபோனதாகத் தோன்றும். 60 டிகிரியைத் தாண்டினாலே கண்ணுக்கு அது எதிர்த்திசையில் போவதாகப் படும், ஏனென்றால் பின்னால் வரும் இறக்கைதான் பழைய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 25 ஃப்ரேம் வீடியோவில் 60 டிகிரி என்பது நிமிடத்துக்கு 250 சுற்று. ஆரங்கள் கூடக்கூட இந்த எல்லை இன்னும் கீழே வரும். எட்டு ஆரச் சக்கரத்துக்கு ஃப்ரேமுக்கு 22.5 டிகிரிதான்.

இதற்கு மருந்து மோஷன் பிளர், அதாவது அசைவால் படத்தில் விழும் கலங்கல். கேமராவின் வழக்கமான 180 டிகிரி ஷட்டரில், ஒரு ஃப்ரேமில் நகரும் கோணத்தில் பாதி அளவுக்கு இழுவை விழும். ஃப்ரேமுக்கு 8 டிகிரி சுழலும் இசைத்தட்டுக்கு 4 டிகிரி இழுவை. 600 பிக்சல் விட்டமுள்ள தட்டின் ஓரத்தில் அது சுமார் 21 பிக்சல், நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஓரம் கலங்கி நடு தெளிவாக இருக்கும் இந்த வேறுபாடுதான் சுழற்சியின் அடையாளம். படம் முழுக்க ஒரே அளவு பிளர் போட்டு இதை ஈடுகட்ட முடியாது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயரிலும் டைம்லைனின் மேலேயும் இரண்டு இடத்திலும் மோஷன் பிளர் பட்டனைப் போட வேண்டும். பிரீமியரில் மோஷனுக்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டைப் போட்டு அதில் ரொட்டேஷனைச் செய்யுங்கள். கம்போசிஷனின் ஷட்டரைப் பயன்படுத்து என்ற டிக்கை எடுத்துவிட்டு ஷட்டர் ஆங்கிளில் 180 கொடுங்கள். ஃப்யூஷனில் டிரான்ஸ்ஃபார்ம் நோடின் செட்டிங்ஸ் பகுதியில் இருக்கிறது. அங்கே குவாலிட்டி எண் குறைவாக இருந்தால் இழுவைக்குப் பதில் தனித்தனிப் பிம்பங்கள் அடுக்கடுக்காகத் தெரியும், எண்ணைக் கூட்டுங்கள்.

மிக வேகமான விசிறிக்கு இதுவும் போதாது. வேகம் ஏறிய பிறகு இறக்கைப் படத்தை மங்கவைத்து, அதன் இடத்தில் ரேடியல் பிளரை ஸ்பின் வகையில் போட்டு வட்டமாகக் கலங்கிய படத்தைக் கொண்டுவாருங்கள். நிஜத்திலும் கண் அதைத்தான் பார்க்கிறது.

படி 8: உருளும் சக்கரமும் பல்சக்கரமும்

தரையில் உருளும் சக்கரம் வழுக்குவதாகத் தெரிந்தால் சுழற்சிக்கும் நகர்வுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு முழுச்சுற்றில் சக்கரம் தன் சுற்றளவு தூரம் போகும். திரையில் 200 பிக்சல் விட்டமுள்ள சக்கரத்துக்கு அது 628 பிக்சல். ஆகவே 1256 பிக்சல் நகர்ந்தால் 720 டிகிரி. பொசிஷன் கீஃப்ரேமும் ரொட்டேஷன் கீஃப்ரேமும் ஒரே நேரத்தில், ஒரே வகை ஈஸிங்கோடு இருக்க வேண்டும். விட்டத்தை அளக்கும்போது ஸ்கேல் செய்த பிறகு திரையில் இருக்கும் அளவை எடுங்கள், மூலப் படத்தின் அளவை அல்ல.

பல்சக்கரங்களில் 24 பல்லும் 12 பல்லும் கோர்த்திருந்தால் சின்னது இரண்டு மடங்கு வேகத்தில் எதிர்த்திசையில் சுழலும். எத்தனை சக்கரம் இருந்தாலும் பல்லின் விகிதத்தின் தலைகீழ்தான் வேகத்தின் விகிதம். ஆரம்பத்தில் ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்தில் உட்காரும்படி கோணத்தைச் சரிசெய்யுங்கள்.

படி 9: சாய்ந்த தட்டு, நகராத நிழல்

மேசையில் கிடக்கும் இசைத்தட்டைப் பக்கவாட்டிலிருந்து காட்ட, வட்டத்தை மேலும் கீழும் அமுக்கி நீள்வட்டமாக்கிவிட்டுச் சுழற்றினால் நீள்வட்டமே எழுந்து சுற்றும். காரணம், மென்பொருள் முதலில் ஸ்கேலையும் அப்புறம் சுழற்சியையும் செய்கிறது. வரிசையை மாற்ற வேண்டும். வட்டமாகவே வைத்துச் சுழற்றுங்கள், அந்த லேயரை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ப்ரீகம்போஸ், பிரீமியரில் நெஸ்ட், ரிசால்வில் காம்பவுண்ட் கிளிப் ஆக்குங்கள், அதன் மேல் அமுக்குங்கள். உள்ளே சுழற்சி, வெளியே அமுக்கல்.

நிழலுக்கும் இதே பிரச்சினை உண்டு. சுழலும் லேயருக்கு டிராப் ஷேடோ போட்டால் நிழலும் சேர்ந்து சுற்றிவரும், விளக்கு பொருளைச் சுற்றி ஓடுவதாகத் தோன்றும். எஃபெக்ட்கள் முதலில் நடந்து, லேயரின் சுழற்சி கடைசியில் நடப்பதால் இப்படி ஆகிறது. டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டில் சுழற்றி அதற்குக் கீழே டிராப் ஷேடோவை வைத்தால் நிழல் தன் இடத்தில் நிற்கும். பொருளின் மேல் விழும் பளபளப்பையும் தனி லேயராக மேலே அசையாமல் வையுங்கள். சுழலும் தட்டின் மேல் ஒளி மட்டும் நகராமல் இருப்பதைப் பார்த்ததும்தான் அது உலோகமா, பிளாஸ்டிக்கா என்று கண் நம்பத் தொடங்கும்.

படி 10: நாணயம் புரளுவது

இது வேறு அச்சு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயரை 3டி ஆக்கி ஒய் ரொட்டேஷன், பிரீமியரில் பேசிக் 3டி எஃபெக்டின் ஸ்விவல். 90 டிகிரியில் நாணயம் கோடாக மெலியும். அந்த ஃப்ரேமில் முன்பக்கத்தை மறைத்துப் பின்பக்கத்தைக் காட்டுங்கள். பின்பக்க லேயரை 180 டிகிரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பித் தெரியும்.

3டி வசதியே இல்லாத செயலியில் அகலத்தை மட்டும் 100 இலிருந்து 0 ஆக்கி, படத்தை மாற்றி, 0 இலிருந்து 100 ஆக்கலாம். 100 இருக்கும் முனையில் ஈஸ் கொடுங்கள், 0 இருக்கும் முனையில் கொடுக்காதீர்கள். உண்மையான சுழற்சியில் நேராகப் பார்க்கும்போது அகலம் மெதுவாகவும், விளிம்பு தெரியும்போது வேகமாகவும் மாறும்.

படி 11: முழுத் திரையையும் சுழற்றுவது

1920க்கு 1080 வீடியோவையே சுழற்றினால் மூலைகளில் கறுப்பு தெரியும். முழுச்சுற்றுக்கும் கறுப்பு தெரியாமல் இருக்க, படத்தின் உயரம் திரையின் மூலைவிட்டமான 2203 பிக்சலுக்குக் குறையக்கூடாது. அதாவது சுமார் 204 சதவீத ஸ்கேல். அவ்வளவு பெரிதாக்கினால் படம் கலங்கும், ஆகவே இப்படிப்பட்ட காட்சிக்கு 4கே மூலமாக எடுத்துவையுங்கள். 3840க்கு 2160 படத்தை அதன் முழு அளவில் வைத்து 102 சதவீதம் கொடுத்தாலே போதும்.

சின்னச் சாய்வுக்கு இவ்வளவு தேவையில்லை. 2 டிகிரிக்கு 107 சதவீதம், 5 டிகிரிக்கு 116 சதவீதம் போதும். சாய்வு அசையும்போது ஸ்கேலையும் கீஃப்ரேமில் கூட்டிக் குறைக்கத் தோன்றும், செய்யாதீர்கள். படம் சாயும்போதே நெருங்கி விலகுவதாகத் தெரியும். உச்சக் கோணத்துக்குத் தேவையான ஸ்கேலை ஆரம்பத்திலிருந்தே நிலையாக வைத்துவிடுங்கள்.